அப்பாவின் கூரைக்கு எந்தப் பஞ்சு

எனக்கும் என் கணவருக்கும் சண்டை வராத விடயம் குறைவு. ஆனால் பஞ்சுக்காக நாங்கள் சண்டை பிடித்தது அந்த ஒரு வருடம்தான். தலையணைப் பஞ்சு அல்ல, கூரைக்குள் அடைக்கிற பஞ்சு. பாரிஸில் கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

எங்கள் வீடு லா சப்பலில், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் ஆறாம் மாடியில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஒரு மரப்படி உண்டு. அதில் ஏறினால் கூரைக்கு அடியில் சாய்ந்த கூரையோடு ஓர் அறை. அதன் மறுபக்கக் கதவு, அந்தக் காலத்தில் வேலைக்காரருக்காகக் கட்டிய சின்ன அறைகள் இருக்கும் நடைபாதையில் திறக்கும். அந்த அறையின் கூரை துத்தநாகத் தகடு. நாங்கள் அதைத் தகரம் என்றுதான் சொல்வோம். தகரம், அதற்குக் கீழே மெல்லிய பலகை, அதற்குக் கீழே சுண்ணாம்புப் பூச்சு, அதற்குக் கீழே என் அப்பாவின் தலை. நடுவில் வேறு ஒன்றும் கிடையாது.

அம்மா இல்லாமல் போன பிறகு அப்பாவை ஊரிலிருந்து கூப்பிட்டோம். கீழே எங்கள் அறையைத் தருகிறோம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் பிரெஞ்சில் கத்திக்கொண்டு திரிவார்கள், தனக்கு ரேடியோ கேட்க வேண்டும், சுவாமி படம் வைக்க வேண்டும் என்று மேலே போய்க் குடியேறினார். காலையில் வாய்விட்டுத் தேவாரம் பாடுவார். குரல் நல்ல குரல்தான், ஆனால் அந்த அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருப்பது சுவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பலகை. அந்தப் பக்கம் இருப்பவள் போர்த்துக்கல்காரி. விடியப்புறம் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போய்விட்டு வந்து பகலில் தூங்குகிறவள். படியில் என்னைக் காணும் நேரமெல்லாம் அப்பாவின் ரேடியோவைப் பற்றி முறைப்பாடு சொல்லாமல் விடமாட்டாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பேன்.

முதலாவது குளிர்காலத்தில் அப்பா இரண்டு ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டு, போர்வைக்குள் இருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். ஹீட்டரை எவ்வளவு கூட்டினாலும் சூடு நேரே தகரத்தால் வெளியே போனது. பக்கத்துக் கூரைகளில் எல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது எங்கள் கூரையில் மட்டும் அது உருகி ஓடும். நாங்கள் ஆகாயத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தோம். கூரைக்கு உட்பக்கம் ஏதாவது அடைக்க வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எதை அடைப்பது என்பதில்தான் வில்லங்கம்.

என் கணவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறவர். எதையும் கெதியாகச் செய்து முடித்துவிட வேண்டும் அவருக்கு. கண்ணாடிப் பஞ்சு, எல்லோரும் போடுவது, ஒரு சனிக்கிழமை போதும் என்றார். நான் காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறவள். உடைந்தது, எரிந்தது, ஒழுகியது என்று ஆட்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டே எனக்கு யாரையும் நம்பாத பழக்கம் வந்துவிட்டது. ஆளாளுக்குக் கேட்டேன். வெள்ளித்தாள் மாதிரி மெல்லிய விரிப்பு ஒன்றை விற்க வந்தவன், அது ஒன்றே ஒரு சாண் பஞ்சுக்குச் சமம் என்று சத்தியம் பண்ணினான். அப்படியென்றால் உன் வீட்டுக் கட்டிலுக்கும் மெத்தைக்குப் பதிலாக அதையே விரித்துப் படு என்று சொல்லி அனுப்பினேன். காகிதத் துகளை ஊதி அடைப்பது தட்டையான பரணுக்குச் சரி, எங்கள் சாய்ந்த கூரைக்குள் அது காலப்போக்கில் கீழே இறங்கி மேற்பகுதி வெறுமையாகிவிடும் என்ற பயம் எனக்கு இருந்தது. கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று கண்ணாடிப் பஞ்சு. மற்றது மரநாரை அழுத்திச் செய்த பலகை.

அளவெடுக்க வந்த தச்சன் ஓர் அல்ஜீரியன், பொறுமையான ஆள். இரண்டும் குளிருக்கு ஒன்றுதான் என்றான். வித்தியாசம் கோடையில். கண்ணாடிப் பஞ்சு பாரமில்லாதது, மத்தியான வெயில் பின்னேரத்துக்கு முன்பே அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும். மரநார் கனமானது, அது வெயிலைத் தனக்குள் இழுத்து வைத்திருந்து, வெளியே குளிர்ந்த பிறகுதான் மெல்ல விடும். ஆனால் தடிப்பு அதிகம், அறை சிறுக்கும், வேலையும் இழுபடும். எதைப் போட்டாலும் தகரத்துக்கும் அதற்கும் நடுவில் காற்றோட இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் தகரம் உட்பக்கமாக வியர்த்து அரித்துப்போகும் என்றும் சொன்னான்.

அன்று மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தோம். நான் தச்சன் சொன்னதைத் தமிழில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். அப்பா அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

"வெய்யிலோ? எங்களுக்கோ?" என்றார் அப்பா. "பிள்ளை, நாங்கள் வெய்யிலுக்குள்ளையே பிறந்தனாங்கள். உந்த வெள்ளையள்தான் வெய்யிலைக் கண்டு சாகிறவை. நீ குளிருக்கு ஒரு வழி பண்ணு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், இது அப்பா ஒருவருடைய நினைப்பு இல்லை. லா சப்பலில் இருக்கிற எங்கள் சனம் முழுக்க அப்படித்தான். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் எங்களுக்கு எதிரி குளிர் ஒன்றுதான். குளிருக்கு என்ன உடுப்பு, குளிருக்கு என்ன தைலம், குளிருக்கு எந்தச் சப்பாத்து என்று அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். கோடையில் தொலைக்காட்சியில் முதியவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று அறிவித்தால், அது வேறு யாருக்கோ சொல்வது என்று நினைத்துக்கொண்டு நாங்கள் சமையலைப் பார்ப்போம். பாரிஸுக்கு வெளியே கார்ஜ் என்ற ஊரில் இருக்கும் என் தம்பியிடம் தொலைபேசியில் கேட்டேன். அவனும் அதையேதான் சொன்னான். அக்கா, யாழ்ப்பாணத்தாருக்கு வெயில் என்ன செய்யும் என்றான். நான் ஒருத்தி மட்டும் மரநார், மரநார் என்று பிடிவாதமாக நின்றேன். என் கணவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வசந்தம் போனது. கூரை வெறுமையாகவே கிடந்தது.

பிறகு அந்த ஆடி அமாவாசை வந்தது.

அப்பா தன் அப்பாவுக்காக ஆண்டுதோறும் பிடிக்கிற விரதம் அது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மரக்கறிகள் சமைத்து, படைத்து, காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் வாயில் ஏதாவது வைப்பார். எங்கள் யன்னலில் வைக்கிற சோற்றைப் புறாதான் தின்னும். அப்பா அதைக் கண்டும் காணாத மாதிரி இருப்பார். அந்தச் சமையலில் காத்தோட்டிக்காய் கட்டாயம் இருக்கவேண்டும். கைப்பான அந்தக் காயை வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்கள் தேடுவோம், அந்த ஒரு நாள் ரூ காயில் அதற்கு அடிபிடி நடக்கும்.

அந்தக் கிழமை முழுவதும் ஊரெங்கும் கனிக்யூல், கனிக்யூல் என்று ஒரே பேச்சு. வெக்கை அலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைகள் விடுமுறைக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது மேலே ஏறிப் பார்த்தேன். அறை அப்போதே அடுப்படி மாதிரி இருந்தது. கீழே வந்து இருங்கோ, யன்னல் கதவைச் சாத்துங்கோ, ஒரு வாய் தண்ணியாவது குடியுங்கோ என்று மூன்றையும் சொன்னேன். மூன்றுக்கும் அவர் தலையாட்டினார். நான் போன கையோடு கூரை யன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு அதன் கீழேயே கதிரையைப் போட்டு இருந்திருக்கிறார். ஊரில் அப்படித்தானே, புழுங்கினால் யன்னலைத் திறப்பது. பாரிஸில் வெயில் நேரம் யன்னலைத் திறந்தால் தகரத்தின் அனல்தான் உள்ளே வரும் என்று அவருக்குத் தெரியாது. எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மத்தியானத்தோடு விடுப்பு எடுத்துக்கொண்டு காய் வாங்கப் போனேன். கடைக்குள் வரிசை வாசல் வரை நின்றது. நிற்கும்போது, சமையல் எப்படியும் தாமதம்தான், தண்ணீராவது குடிக்கச் சொல்வோம் என்று அப்பாவுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. பூசை செய்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. எனக்கு முன்னால் நின்ற வயதான பெண் ஒருவர் ஒவ்வொரு காயாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை அழைத்தேன். கையில் இருந்த பையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கடைக்காரத் தம்பி பின்னால் கூப்பிட்டது கேட்டது, திரும்பவில்லை.

மெட்ரோ ஓடும் மேம்பாலத்தின் கீழால் ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். அந்த வெயிலில் என் உடம்புக்கு ஓட்டம் வரவில்லை. வேகமாக நடந்தேன், நடந்துகொண்டே அழைத்தேன். கட்டடத்துக்குள் கீழே குளிராக இருந்தது. ஒவ்வொரு மாடியாக ஏற ஏற வெக்கை கூடிக்கொண்டே வந்தது. நாலாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, மேலே பிரெஞ்சில் ஒரு பெண் சத்தமாகப் பேசுவது கேட்டது. போர்த்துக்கல்காரியின் குரல். அட கடவுளே, இன்றைக்கும் ரேடியோவுக்குச் சண்டை பிடிக்கிறாளா என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. பிறகுதான் அவள் யாருடனோ தொலைபேசியில் முகவரி சொல்லிக்கொண்டிருப்பது விளங்கியது. எங்கள் முகவரி.

நடைபாதைப் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. அப்பா அதை ஒருநாளும் பூட்டுவதில்லை. அவர் நிலத்தில் கிடந்தார். முகம் சிவந்து காய்ந்திருந்தது, வியர்வை ஒரு துளி இல்லை. போர்த்துக்கல்காரி தன் துவாய்களை நனைத்து அவருடைய கழுத்திலும் கையிடுக்கிலும் வைத்திருந்தாள். நான் போய் அப்பா என்று கூப்பிட்டபோது கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் என்னைத் தெரிந்த பார்வை அல்ல. பொம்பியே என்கிற தீயணைப்புப் படையினர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்வரை நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வேறு எதைப் பிடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

படியில் வைத்துப் போர்த்துக்கல்காரி சொன்னாள்: சுவரில் டொம் டொம் என்று சத்தம் கேட்டது, தூக்கம் கலைந்து கோபத்தோடு திட்டத்தான் போனேன், போனால் இப்படிக் கிடந்தார் என்று. விழும்போது சுவரில் மோதியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்க அன்று எனக்கு மூளை இல்லை.

அப்பா தப்பிவிட்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கிய டாக்டர் என் முகத்தைப் பார்த்து வசனத்தை முடிக்காமல் விட்டார். நினைவு தெளிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, தண்ணீர் ஏற்றியதால் விரதம் கலைந்துவிட்டதா என்பதுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆனால் வெயிலைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பகிடி விடவில்லை. அன்று என்ன நடந்தது என்று கேட்டால், தலை சுத்தினது, விழுந்திட்டன், அவ்வளவுதான் என்று பேச்சை முடித்துவிடுவார்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தச்சன் தந்துவிட்டுப் போன மாதிரித் துண்டுகள் இரண்டையும் எடுத்து, இரண்டு கிண்ணத்தில் வெண்ணெய்க் கட்டி வைத்து, ஒன்றைக் கண்ணாடிப் பஞ்சாலும் மற்றதை மரநாராலும் மூடி, கூரை யன்னல் விளிம்பில் வெயிலில் வைத்தேன். இது விஞ்ஞானம் இல்லை என்று எனக்கும் தெரியும். பிள்ளைகள் அம்மாவுக்கு விசர் என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டார்கள், எனக்கு விளங்காது என்ற நினைப்பில். கண்ணாடிப் பஞ்சின் கீழே இருந்த வெண்ணெய் முதலில் உருகியது. மற்றது உருகாமலே இருக்கவில்லை, ஆனால் நல்ல நேரம் பிடித்தது. என் கணவர் வேலையால் வந்து அந்த இரண்டு கிண்ணத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கைபேசியை எடுத்துத் தச்சனை அழைத்து, மரநார் என்றார்.

இலையுதிர் காலத்தில் வேலை தொடங்கியது. அப்பாவைக் கொஞ்ச நாள் கார்ஜில் தம்பியிடம் போய் இருக்கச் சொன்னோம். மாட்டேன் என்றுவிட்டார். கட்டிலை அறையின் நடுவில் இழுத்துப்போட்டு, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, பகல் முழுவதும் தூசிக்குள் நின்று தச்சனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் விடுப்பெடுத்துக் கூடவே நின்றேன். அவர் ஏதோ பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. உயரமான மனிதர், கூரை தடிப்பதால் தலை இடிக்கும் என்ற கவலை என்று நினைத்தேன். சரிவுக்குக் கீழே நின்று பார்க்கச் சொன்னேன். நின்றார். இடிக்கவில்லை. அப்படியும் முகம் தெளியவில்லை.

தச்சன் முதலில் மரச்சட்டம் அடித்து, தகரத்துக்குக் கீழே காற்றோட இடம் விட்டு, மரநார்ப் பலகைகளைப் பெரிய கத்தியால் அறுத்து ஒவ்வொன்றாக இறுக்கினான். ஒவ்வொரு பலகை ஏறும்போதும் அறைக்குள் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. புறாக்கள் தகரத்தில் நடக்கும் சத்தம் முதலில் போனது. பிறகு தெருச் சத்தம். நாங்கள் பேசுவதே பக்கத்தில் யாரோ மெதுவாகப் பேசுவது போல் கேட்டது. நல்ல அமைதி, இல்லையா என்று தச்சன் பெருமையோடு கேட்டான். ஓம் என்றேன். அப்பா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

கடைசியாக மிஞ்சியது போர்த்துக்கல்காரி பக்கத்துச் சுவர். அதற்கும் போட வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எங்கள் சத்தத்திலிருந்து அவளுக்கும் ஒரு விடுதலை கிடைக்கட்டும், எங்களுக்கு அவள் செய்த உதவிக்கு அது ஒரு நன்றியாக இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். அவளிடம் சொன்னபோது என்னைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சினாள். தச்சன் பலகையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவருக்கு வந்தான். அப்பா அவனுக்கு முன்னால் போய், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தச் சுவரை விடச் சொல்லு," என்றார் என்னிடம்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. எத்தனை நாளாக ஆளுக்கு ஆள் கெஞ்சி, சண்டை பிடித்து, விடுப்பெடுத்துச் செய்யும் வேலை. கடைசிப் பலகையில் வந்து இவருக்குப் பிடிவாதம். தள்ளுங்கோ அப்பா, அந்தாள் பாரத்தோட நிக்குது என்று சத்தம் போட்டேன். அவர் அசையவில்லை. உள்ளங்கை இரண்டையும் பின்னால் சுவரில் பதித்துக்கொண்டார். தச்சன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்டைக்கு நான் கூப்பிட்டனான் பிள்ளை," என்றார் அப்பா. "கால் ஏலாமல் போச்சு, மேசையிலை அடிச்ச போனும் எட்டேல்லை. நீ வேலையிலை எண்டு தெரியும், தெரிஞ்சும் உன்னைத்தான் கூப்பிட்டனான். பேந்து கொம்மாவைக் கூப்பிட்டன். ஒருத்தருக்கும் கேக்கேல்லை. பேந்து நிலத்திலை அரக்கி அரக்கி வந்து, இந்தச் சுவரிலை கையாலை அடிச்சனான். அந்தப் பிள்ளைக்குத்தான் கேட்டது."

தலையைத் திருப்பி அந்தச் சுவரைப் பார்த்தார்.

"நீ கூரைக்கு என்ன வேணுமெண்டாலும் போடு. இதை மூடினா நான் அடிச்சாலும் ஒருத்தருக்கும் கேளாது."

அவர் விழுந்து மோதினார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். காய் வரிசையில் நான் அவருக்குத் தொலைபேசி அடித்துக்கொண்டு நின்ற அந்த நேரம், அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெயில் எந்த வழியால் வரும், குளிர் எந்த வழியால் போகும் என்று மாதக்கணக்காகத் துருவித் துருவி விசாரித்தவள் நான். அந்த அறைக்குள் தனியே கிடக்கும் மனிதனின் குரல் எந்த வழியால் வெளியே போகும் என்று யாரும் கேட்கவில்லை.

தச்சனிடம் இந்தச் சுவர் வேண்டாம் என்றேன். பலகையைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்டான். அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்தத் துணிவில்தான் சொன்னேன், அப்பா பயப்படுகிறார், தான் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது என்று பயப்படுகிறார் என்று. சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. தமிழில் அதை அவர் முன்னால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன். தச்சன் தலையை ஆட்டிவிட்டு, தன் சாமான்களை அடுக்கத் தொடங்கினான்.

"அவனுக்கு என்ன சொன்னனீ?" என்று அப்பா கேட்டார்.

"பலகை காணாது, குறையுது, அதாலை விடச் சொன்னன் அப்பா."

மிஞ்சிய பலகைகள் எங்கள் இருவருக்கும் நடுவில் நிலத்திலேயே கிடந்தன. அப்பா அவற்றைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "காணாதுதான்."